பாறைக்குள் ஓடும் தபால்காரர்கள்!



கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கிருந்து கடலோரமாக வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் வட்டக்கோட்டை வரும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், கருங்கல்லால் எழுப்பிய கோட்டை அது. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படைவீரர் டிலனாய்தான் அதைப் பலப்படுத்தியவர்.

கோட்டை மதில்மேல் ஏறி நில்லுங்கள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள். கீழே கடற்கரையைப் பாருங்கள். மணல் கருப்பாக இருக்கிறதே! இந்த வட்டாரத்தில் சிவப்பு மணலும் உண்டு. கன்னியாகுமரிக் கடைகளில் வண்ண மணலைப் பொட்டலம் பொட்டலமாக விற்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சிவப்பு மணல் எங்கிருந்து வந்தது? "கடலிலிருந்து" என்பீர்கள். இல்லை, மலையிலிருந்து வந்தது. மலையின் உச்சியிலிருந்தா? அதுவும் இல்லை. ஒரு பெரிய மலையின் வேரிலிருந்து!

மலைக்கு வேரா என்று சிரிக்காதீர்கள். இன்றைய கதையே அதுதான்.

மலைக்கும் வேர் உண்டு!

சிவப்பு மணலின் பெயர் கார்னெட். மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளில்கூட இதை ஒட்டுவார்கள். அவ்வளவு கடினம். குமரி மாவட்டப் பாறைகளில் இருக்கும் கார்னெட், பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அந்தப் பாறைகள் ஒரு காலத்தில் 20 கிலோமீட்டருக்கும் கீழே புதைந்து கிடந்தவை என்று புவியியல் அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நம் தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டன. மோதிய இடத்தில் மலைகள் எழுந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் காற்றும் அந்த மலைகளை அரித்துத் தின்றுவிட்டன. மேலே இருந்தது போய், கீழே இருந்த வேர் வெளியே தெரிகிறது. அந்த வேர்ப் பாறையைத்தான் இன்று குமரியில் மிதித்துக்கொண்டு நடக்கிறோம்.

குமரியில் மோதல் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நாட்டின் வடக்கு எல்லையில் இன்னொரு மோதல் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதுதான் இமயமலை! இந்தியா இருக்கும் புவித்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்கிறது. உங்கள் விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே அதிகம். சுமார் 5 கோடி ஆண்டுகளாக அது ஆசியத் தட்டை முட்டித் தள்ளுகிறது. வட்டக்கோட்டையும் அந்தத் தட்டின்மேல்தான் இருக்கிறது. அதாவது, நீங்களும் நானும் பயணம் செய்யும் ரயிலின் எஞ்சின் இமயமலையில் மோதிக்கொண்டிருக்கிறது. நாம் கடைசிப் பெட்டியில் இருக்கிறோம்.

அந்த மோதலின் அடியில் என்ன நடக்கிறது? இமயமலைக்கும் வேர் உண்டா?

தூக்குக்குண்டு சொன்ன ரகசியம்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிடுவார். அதுதான் தூக்குக்குண்டு. அது நேராகப் பூமியின் மையத்தை நோக்கித் தொங்கும். ஆனால் பக்கத்தில் ஒரு பெரிய மலை இருந்தால், மலையின் ஈர்ப்பு அதைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும்.

1802-இல் சென்னையில் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அந்த மாபெரும் அளவைக் கோடு, கன்னியாகுமரி முனைக்கு அருகிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டது. லாம்டனுக்குப் பின் எவரெஸ்ட் என்பவர் அதைத் தொடர்ந்தார். ஆம், சிகரத்துக்குப் பெயர் தந்தவரேதான்!

வடக்கே கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவில் ஒரு சிக்கல் வந்தது. நிலத்தில் அளந்தால் ஒரு கணக்கு. நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட்டால் வேறு கணக்கு. வித்தியாசம் சுமார் 160 மீட்டர். இமயமலை தூக்குக்குண்டை இழுத்துவிட்டதுதான் காரணம் என்று கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற பாதிரியார் சொன்னார். அவர் கணக்கில் கெட்டிக்காரர். மலை எவ்வளவு இழுத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்கே வியப்பு! இழுத்திருக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் மலை இழுத்திருந்தது. அவ்வளவு பெரிய மலைக்கு அவ்வளவுதானா பலம்?

1855-இல் இங்கிலாந்தின் வானியல் அறிஞர் ஏரி ஒரு விடை சொன்னார். கடலில் தோணியைப் பார்த்திருப்பீர்கள். மீன் கூடைகளை ஏற்ற ஏற்ற, தோணி ஆழமாக அமிழும். மலையும் அப்படித்தான் என்றார் அவர். மேலே எவ்வளவு உயரமோ, அதற்கேற்ப அடியிலும் பூமிக்குள் ஆழமாக அமிழ்ந்திருக்கும். அந்த வேர் லேசான பாறையால் ஆனது. அடியில் கனமான பாறை இருக்க வேண்டிய இடத்தில் லேசான பாறை இருப்பதால்தான் இழுக்கும் பலம் குறைகிறது.

அழகான விடைதான். ஆனால் ஊகம்! வேரைக் கண்ணால் பார்த்தவர் யார்?

தோண்டிப் பார்த்தால் என்ன?

தோண்டிப் பார்த்தார்கள். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஆண்டுக்கணக்கில் துளை போட்டு, 1989-இல் 12,262 மீட்டர் ஆழம் வரை போனார்கள். அதற்குக் கீழே போக முடியவில்லை. வெப்பத்தில் பாறை இளகித் துளையை மூடப் பார்த்தது. இத்தனைக்கும் அவர்கள் தொட்டது பூமியின் மேலோட்டில் பாதி ஆழம்கூட இல்லை.

நமக்கு வழி காட்டியவர்கள் இரண்டு தபால்காரர்கள். நிலநடுக்கம் வரும்போதெல்லாம் பாறைக்குள் ஓடிவரும் அலைகள்தாம் அவை.

அண்ணனும் தம்பியும்

பாறை எங்கேனும் உடைந்து நழுவினால் அதிர்வு எல்லாப் பக்கமும் பரவுகிறது. பூமிக்குள் ஓடும் அலைகள் இரண்டு வகை.

முதலாவது 'பி' அலை. ரயில் நிலையத்தில் எஞ்சின் வந்து கூட்ஸ் பெட்டிகளில் முட்டும்போது பார்த்திருக்கிறீர்களா? முதல் பெட்டி இரண்டாவதை இடிக்கும், அது மூன்றாவதை இடிக்கும், 'டக் டக் டக்' என்று கடைசிப் பெட்டி வரை இடி போய்ச் சேரும். பி அலை அப்படித் தள்ளித் தள்ளிப் போகும்.

இரண்டாவது 'எஸ்' அலை. ஒரு கயிற்றின் நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுநுனியை மேலும் கீழும் உதறுங்கள். நெளிவு ஒன்று ஓடுமே, அதுபோல.

பி அலை அண்ணன்; வேகக்காரர். பூமியின் மேலோட்டில் விநாடிக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடுவார். அதற்குக் கீழே 'கவசம்' என்ற அடுக்குக்குள் போனால் விநாடிக்கு 8 கிலோமீட்டர்! கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குச் சுமார் 700 கிலோமீட்டர். ரயிலில் ஓர் இரவு முழுக்கப் போகிறோம். அண்ணனுக்கு ஒன்றரை நிமிடம் போதும். எஸ் அலை தம்பி. எப்போதும் பின்னால்தான் வருவார்.

இந்த இரண்டு அலைகளையும் கருவிப் பதிவில் முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஓல்டாம். 1897 ஜூன் 12-இல் ஷில்லாங் பகுதியைக் குலைத்த பெரும் நிலநடுக்கத்தை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தவர் அவர். அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், நம் கொடைக்கானல் ஆகிய இடங்களில் நில அதிர்வுமானிகள் வைக்கப்பட்டன.

கணக்குப் போடுவோமா?

மின்னல் முதலில் தெரியும், இடி பிறகு கேட்கும். இடையில் 3 விநாடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி என்று கணக்கு. நிலநடுக்கத்துக்கும் இதே தந்திரம்தான். அதிகத் தொலைவில் இல்லாத நிலநடுக்கம் என்றால், அண்ணன் வந்ததற்கும் தம்பி வந்ததற்கும் இடையே உள்ள விநாடிகளை எண்ணி, 8-ஆல் பெருக்குங்கள். 10 விநாடி என்றால் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவு. மூன்று ஊர்களில் இப்படிக் கணக்கிட்டு, படத்தில் காம்பஸால் மூன்று வட்டங்கள் போட்டால், மூன்றும் சந்திக்கும் இடம்தான் நிலநடுக்கம் நடந்த இடம்.

இந்த 8-ஐ மறந்துவிடாதீர்கள். இமயமலைக்குப் போகும்போது வேண்டும்.

பைபாஸில் வந்த அலை

1909 அக்டோபர் 8. ஐரோப்பாவில் குரோவேஷியா நாட்டில் ஒரு நிலநடுக்கம். அந்நாட்டு அறிஞர் மோகோரோவிசிச் பல ஊர்களிலிருந்தும் பதிவுகளை வாங்கி மேசைமேல் பரப்பினார். தொலைவில் இருந்த ஊர்களில் பி அலை ஒன்றுக்கு இரண்டாக வந்திருந்தது!

நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் போகும் இரண்டு பேருந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஊருக்குள் எல்லாம் புகுந்து போகிறது. மற்றொன்று நான்குவழிச் சாலையில் ஏறிக்கொள்கிறது. நான்குவழிச் சாலைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் சுற்றுதான். ஆனாலும் நெடுந்தூரப் பயணத்தில் அதுவே முந்தும். அதேபோல், ஒரு பி அலை மேலோட்டுக்குள்ளேயே வந்தது. மற்றொன்று கீழே இறங்கி, வேகமான அடுக்கில் ஓடி, மேலே ஏறி முந்திக்கொண்டு வந்தது. ஆகவே, கீழே ஓர் எல்லை இருக்க வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் அந்த எல்லைக்கு இன்று 'மோகோ' என்று பெயர்.

பார்த்தீர்களா! தபால்காரர் எங்கிருந்து வந்தார் என்பதோடு, எந்தப் பாதையில் வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறார்.

இமயத்தின் அடியில்

இனி இமயமலைக்குப் போவோம். ஹைதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1961-இல் தொடங்கியது. அதன் அறிஞர் எஸ். எஸ். ராயும், பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்களும் சேர்ந்து, டெல்லியிலிருந்து இமயமலையைத் தாண்டி, லடாக்கின் வடக்கே காரகோரம் பகுதி வரை வரிசையாக நில அதிர்வுமானிகளை வைத்தார்கள். பிறகு காத்திருந்தார்கள்.

எதற்காகக் காத்திருந்தார்கள்? தொலைதூர நாடுகளில் நிலநடுக்கம் நடப்பதற்காக! வெகு தொலைவில் பூமி நடுங்கினால், அந்த அலை ஆழமாகப் போய், இமயமலையின் அடியிலிருந்து மேல்நோக்கி வரும். வரும் வழியில் மோகோ எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. பி அலையின் ஒரு சிறு பகுதி எஸ் அலையாக மாறிவிடுகிறது. அதாவது, அந்த வாசலில் அண்ணனோடு ஒரு குட்டித் தம்பி சேர்ந்துகொள்கிறார். இருவரும் அங்கிருந்து மேலே ஓடுகிறார்கள். அண்ணன் முதலில் வருவார், குட்டித் தம்பி சில விநாடி கழித்து வருவார். மேலோடு தடிமனாக இருந்தால் பந்தயம் நீளும், இடைவெளியும் கூடும்.

நினைவிருக்கிறதா அந்த 8? ஏறத்தாழ அதே கணக்குதான் இங்கேயும். 5 விநாடி இடைவெளி என்றால் 5 × 8 = 40 கிலோமீட்டர். 9 விநாடிக்கும் சற்று மேல் என்றால் சுமார் 75 கிலோமீட்டர்.

2006-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? டெல்லிக்கு அடியில் மோகோ சுமார் 40 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வடக்கே போகப் போக அது சரிந்து இறங்குகிறது. காரகோரம் அருகே சுமார் 75 கிலோமீட்டர்! நம் தென்னிந்தியாவில் மேலோடு பொதுவாக 35 முதல் 45 கிலோமீட்டர்தான். தூக்குக்குண்டு 1855-இல் சாடையாகச் சொன்னதை, நிலநடுக்க அலைகள் அளந்தே காட்டிவிட்டன. இமயமலைக்கு வேர் இருக்கிறது!

நேபாளத்திலும் திபெத்திலும் 2002 முதல் 2005 வரை இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவிகள் வைத்து, இன்னொரு குழு ஆராய்ந்தது. இந்தியத் தட்டு இமயமலையோடு நின்றுவிடாமல், திபெத்தின் அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் புகுந்து போயிருப்பதை அவர்கள் கண்டார்கள். பாய்க்கு அடியில் பாயைச் செருகியது போல!

தெரிந்து என்ன பயன்?

"சார், இதெல்லாம் தெரிந்து என்ன செய்ய?" என்று என் வகுப்பிலும் ஒரு பையன் எழுந்து கேட்டதுண்டு. நல்ல கேள்விதான்.

கீழே புகும் இந்தியத் தட்டுக்கும் மேலே இருக்கும் மலைக்கும் இடையில் ஒரு சரிவான பிளவு இருக்கிறது. அலைகள்தாம் அதன் ஆழத்தையும் சரிவையும் காட்டின. அந்தப் பிளவின் ஒரு பகுதி இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தட்டோ ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அளவுக்கு மலையை நெருக்குகிறது. 100 ஆண்டில் 2 மீட்டர்! ஒருநாள் பிடி விட்டால், சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் நழுவும். 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தில் அப்படித்தான் நடந்தது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை இடிந்து விழுந்த கட்டடங்கள்.

எந்த நாளில் பிடி விடும் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. யாராவது தேதி சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எங்கே பிடி இறுகியிருக்கிறது, எந்த ஊர் பலமாகக் குலுங்கும் என்று சொல்ல முடியும். அங்கே வீடும் பள்ளிக்கூடமும் எப்படிக் கட்ட வேண்டும் என்பதை முடிவு செய்ய அது போதும்.

படிக்க ஆளில்லாத கடிதம்

மீண்டும் வட்டக்கோட்டை மதிலுக்கு வாருங்கள். எதிரே இருக்கும் கடலைக் கடந்து கிழக்கே போனால், சுமார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ரா தீவு. அங்கேயும் நம் பக்கத்துத் தட்டு இன்னொரு தட்டின் அடியில் புகுகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு அங்கே பிளவு நழுவியது.

இப்போது நீங்களே கணக்குப் போடலாம். பி அலை சுமத்ராவிலிருந்து வட்டக்கோட்டையின் அடிப்பாறைக்கு வர ஏறத்தாழ நாலரை நிமிடம்தான். 6.34-க்குள் அண்ணன் வந்துவிட்டார். தொடர்ந்து தம்பியும் வந்தார். ஆனால் கடல் அலை குமரிக் கரைக்கு வந்து சேரச் சுமார் மூன்று மணி நேரம் ஆனது. குளச்சலிலும் மணக்குடியிலும் மற்றக் கடலோர ஊர்களிலும் நூற்றுக்கணக்கான பேரை அது கொண்டுபோயிற்று. உங்களைப் போன்ற குழந்தைகளும் அவர்களில் உண்டு.

யோசித்துப் பாருங்கள். கடிதம் நாலரை நிமிடத்தில் வந்துவிட்டது. அதைப் படித்து, "கடற்கரையை விட்டு விலகுங்கள்" என்று ஊருக்குச் சொல்லத்தான் அன்று ஏற்பாடு இல்லை. மூன்று மணி நேரம் சும்மா போயிற்று.

இப்போது அந்த ஏற்பாடு இருக்கிறது. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இரவும் பகலும் இயங்குகிறது. நிலநடுக்க அலைகள் கருவியைத் தொட்ட சில நிமிடங்களில், எங்கே, எவ்வளவு பெரிது என்று கண்டுவிடுகிறார்கள். பாறை எந்தத் திசையில் நழுவியது என்பதையும் அதே அலைகள் சொல்லிவிடுகின்றன. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே மீண்டும் ஒரு பெரும் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, கடலோர மக்கள் பலர் மேட்டு நிலத்துக்குப் போனார்கள். அந்த முறை பாறை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நழுவியிருந்தது. அதனால் பெரிய அலை எழவில்லை.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடற்கரையில் இருக்கும்போது தரை நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்கக் கூடாது. எச்சரிக்கைக்கும் காத்திருக்கக் கூடாது. மேட்டை நோக்கி உடனே ஓட வேண்டும். தம்பி தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

செய்து பாருங்கள்

பத்து நண்பர்கள் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, முன்னால் இருப்பவர் தோளில் கைவைத்து நில்லுங்கள். கடைசியில் இருப்பவர் மெதுவாக ஒரு தள்ளு தள்ளட்டும். தள்ளு முன்வரிசைக்குப் போய்ச் சேரும்; யாரும் இடம் மாறியிருக்க மாட்டீர்கள். அதுதான் பி அலை. பிறகு தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் கைகோத்து நின்று, ஓரத்தில் இருப்பவர் குனிந்து நிமிரட்டும். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று நெளிவு போகும். அதுதான் எஸ் அலை. கையில் கடிகாரம் இருந்தால் எது முந்துகிறது என்றும் பாருங்கள்.

அடுத்த முறை வட்டக்கோட்டைக்குப் போனால், சிவப்பு மணல் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது ஒரு பழைய மலையின் வேர். இமயமலையின் வேர் இன்னும் பூமிக்குள் ஆழத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றிய கடிதங்கள் ஒவ்வொரு நாளும் பாறைக்குள் வந்துகொண்டேயிருக்கின்றன. படிக்க இன்னும் நிறையப் பேர் வேண்டும். உங்களில் யார் வரப்போகிறீர்கள்?